நோயை நிரூபிக்க நோயாளி எத்தனை பஸ் ஏறுவது?

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் பெரிய சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. விடியற்காலையில் அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும், நம் நாட்டு ஏழையின் வாழ்வு முழுவதும் கண்ணில் பட்டுவிடும். கரும்பு வெட்டப் போகிறவர்கள் ஒரு பக்கம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தாலூகா ஆபீசுக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அவர் வீட்டுக்குள்ளே, ஒரு மூலையிலே, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண் இருக்கிறது. ஆனால் மனம் நோயுற்றுக் கிடக்கிறது.

கால் இழந்தவரைக் கண்டால் ஊர் எழுந்து இடம் கொடுக்கிறது. கண் இழந்தவரைக் கைபிடித்துச் சாலையைக் கடத்திவிடுகிறது. மனம் நோயுற்றவரைக் கண்டால் மட்டும் ஒன்று சிரிக்கிறது, இல்லையேல் கல்லெடுக்கிறது. ஊர் அப்படி, சர்க்கார் எப்படி?

சட்டப் புத்தகத்தில் சர்க்கார் மிகவும் நல்ல பிள்ளை! 1995-ம் வருஷத்துச் சட்டத்திலேயே ஊனங்கள் ஏழில் ஒன்றாக மனநோயைச் சேர்த்தாயிற்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை மறுபடி உறுதி செய்தது. 2017-ம் வருஷத்து மனநல மருத்துவச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்றும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம் என்றும் எழுதி வைத்தது. ஏட்டிலே சுரைக்காய் நன்றாகத்தான் காய்த்திருக்கிறது. அது எலவனாசூர்கோட்டையின் அடுப்புக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் நம் கேள்வி.

ஒரு வீட்டின் கணக்கு

பெயர் வேண்டாம், ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. ஆனால் இப்படி ஒரு வீடு தமது ஊரில் இல்லை என்று எந்தக் கிளைத் தோழராலும் சொல்ல முடியாது.

தகப்பன் கூலிக்காரன், தாய் கூலிக்காரி. மகனுக்கு இருபத்திரண்டு வயதில் நோய் வந்தது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றான், தூக்கம் போயிற்று, வேலை போயிற்று. முதலில் மந்திரித்தார்கள். பிறகு கோயிலுக்குக் கொண்டு போனார்கள், தர்காவுக்குக் கொண்டு போனார்கள். இருந்த ஆடு போயிற்று, தாலிக்குண்டு போயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கையில் மருந்துச் சீட்டு இருந்தது, பஸ்ஸுக்குக் காசு இல்லை.

இந்த வீட்டில் நோய் வந்தது ஒருவனுக்கு. கூலி போனது இரண்டு பேருக்கு! மகனின் கூலி நின்றது. அவனைத் தனியே விட்டுப் போக முடியாமல் தாயின் கூலியும் நின்றது. தகப்பன் ஒருவனின் உழைப்பில் மூன்று வயிறு, ஒரு வைத்தியம். மாத்திரை வாங்கிய மாதம் கடன் ஏறுகிறது. மாத்திரை வாங்காத மாதம் நோய் ஏறுகிறது. வறுமை நோயை வளர்க்கிறது, நோய் வறுமையை வளர்க்கிறது. செக்குமாடு சுற்றுவதுபோல் இந்தக் குடும்பம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அவன் விதி" என்று ஊர் சொல்லிவிட்டுப் போகிறது. விதியல்ல தோழர்களே, வருமானம் இல்லை என்பதுதான் அதன் பெயர்!

இது அபூர்வமான நோய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்கிறார்கள் என்று கண்டது. கடுமையான மனநோய் மட்டும் நூற்றுக்கு 0.8. அதாவது, ஆயிரம் பேர் வயது வந்தோர் உள்ள ஊரில் எட்டுப் பேர். மனநலக் கோளாறு உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை என்றும் அந்தக் கணக்கெடுப்பு சொன்னது. இன்னொன்றும் சொன்னது: சிகிச்சைக்காகவும், சிகிச்சைக்குப் போய்வரும் வழிச் செலவுக்காகவும் ஒரு குடும்பம் மாதம் ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வரை செலவழிக்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கிழக்கே ஒரு பஸ், மேற்கே ஒரு பஸ்

சர்க்கார் உதவித்தொகை தருகிறதே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்குவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நோயாளி ஊனச் சான்றிதழ் பெறவேண்டும். அதை மனநோய் மருத்துவர் பார்த்துக் கொடுக்கவேண்டும். பெரிய ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. எலவனாசூர்கோட்டையிலிருந்து மேற்கே பஸ் ஏறவேண்டும். சான்றிதழ் வந்த பிறகு உதவித்தொகைக்கு மனுப் போடவேண்டும். எலவனாசூர்கோட்டை உளுந்தூர்பேட்டை தாலூகாவைச் சேர்ந்தது. சமூகப் பாதுகாப்புத் திட்டத்துத் தனித் தாசில்தார் அங்கே இருக்கிறார். கிழக்கே பஸ் ஏறவேண்டும். நடுவிலே இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர். ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், பாங்கிக் கணக்கு வேண்டும். நோயாளியே நேரில் வரவேண்டும், படம் எடுக்கவேண்டும், விரல் வைக்கவேண்டும்.

கால் இல்லாதவருக்கு இது கொடுமையான அலைச்சல். ஆனாலும் அவர் தம் நோக்கத்தை அறிவார். இன்று போகாவிட்டால் நாளை போவோம் என்று எண்ணுவார். மனநோயாளியின் நிலை வேறு. கூட்டத்தைக் கண்டு அஞ்சுவது அவர் நோய். வெளியே வர மறுப்பது அவர் நோய். தனக்கு நோயே இல்லை என்று சாதிப்பதும் அவர் நோய்! எந்தக் காரியங்களைச் செய்ய முடியாதபடி அந்த நோய் ஒருவரை முடக்கிப் போட்டிருக்கிறதோ, அதே காரியங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து காட்டினால்தான் அவருக்கு நோய் இருப்பதாக சர்க்கார் ஒப்புக்கொள்ளும். நோயை நிரூபிக்க வேண்டுமானால் நோயில்லாதவர்போல் நடந்து காட்டவேண்டும்! இதைவிடப் பெரிய முரண்பாடு உண்டா?

மருத்துவர் முன்னால் உட்கார்ந்த பிறகாவது கதை முடிகிறதா? மனநோயால் வரும் ஊனத்தை அளக்க இந்திய மனநல மருத்துவர் சங்கம் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. குளித்து, உடுத்தி, உண்டு தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவது, புரிந்துகொள்வது, வேலை செய்வது. இந்த நான்குக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் நான்கு வரை. மொத்தம் இருபது. அதில் ஏழு வந்தால்தான் 40 விழுக்காடு ஊனம். அந்த 40-தான் சர்க்கார் சலுகைகளின் வாசற்படி.

அளவுகோலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அளக்காமல் கொடுக்க முடியாது என்பதும் நமக்குத் தெரியும். அதை நன்கறிந்து கவனமாகப் பயன்படுத்தும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மனநோய் என்பது வெட்டுப்பட்ட விரல் அல்ல, என்றைக்குப் பார்த்தாலும் ஒரே அளவில் இருப்பதற்கு. மாத்திரை ஒழுங்காகப் போன வாரம் அமைதியாக இருப்பார். மாத்திரை தீர்ந்த வாரம் தெருவில் நிற்பார். அமைதியாக இருந்த நாளில் அளந்தால் மதிப்பெண் குறைகிறது. ஆக, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவனுக்கு அதற்கான தண்டனை! "எத்தனை வருஷமாக நோய்? பழைய சீட்டு எங்கே?" என்ற கேள்வி வேறு. ஓலைக் குடிசையில் மழைக்கு நனைந்து போன சீட்டை எங்கே தேடுவது? முதல் ஐந்து வருஷம் மந்திரவாதியிடம் போனவன் எந்தச் சீட்டைக் காட்டுவான்? காலவரை போட்டுத் தரும் சான்றிதழானால், காலம் முடிந்ததும் மறுபடி மேற்கே பஸ், மறுபடி கிழக்கே பஸ்.

இந்த ஊர் மக்கள் ஒரு காலத்தில் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தார்கள். கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போகவேண்டும். 1993-ல் விழுப்புரம் ஜில்லா பிறந்தது, விழுப்புரம் போனார்கள். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி ஜில்லா பிறந்தது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்களே; நாம் மறுக்கவில்லை. முப்பது வருஷத்தில் கலெக்டர் ஆபீஸ் நம்மை நோக்கி இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சதூரம், நோயாளியின் வாசல் வரை, ஏன் வரக்கூடாது என்றுதான் கேட்கிறோம். சாலை ஓரத்து எலவனாசூர்கோட்டைக்கே இந்தப் பாடு என்றால், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் பாட்டை நாம் சொல்லவும் வேண்டுமா?

எவ்வளவு கொடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை வந்தது 1962-ல். ஊனமுற்றோர் உதவித்தொகை வந்தது 1974-ல். அன்று அதை வகுத்தபோது உடல் ஊனத்தைத்தான் மனத்தில் கொண்டார்கள். பெயரே அப்படித்தான் வைத்தார்கள். பிறகு சட்டம் வளர்ந்தது. மனநோயும் உள்ளே வந்தது. பாதையை மட்டும் மாற்றவில்லை. உடம்புக்குத் தைத்த சட்டையை மனத்துக்கு மாட்டிவிட்டார்கள்.

தொகையைப் பாருங்கள். 2011-ல் மாதம் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. விலைவாசி ஏறிக்கொண்டே போயிற்று. ஆயிரம் அங்கேயே நின்றது. ஊனமுற்றோருக்கு அது 1,500 ஆனது 2023 ஜனவரியில். பதினோரு வருஷத்துக்கு மேல் கழித்து! முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது.

1,500 ரூபாய் என்றால் நாளைக்கு ஐம்பது ரூபாய். மூன்று நான்கு டீயின் விலை. முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண்ணை இப்போது எடுங்கள். சிகிச்சைக்கும் வழிச் செலவுக்கும் ஒரு குடும்பம் மாதம் ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு வரை செலவழித்தது 2015-16-ல். அந்தப் பழைய செலவுக்குச் சரியாகப் போகிறது இந்தப் புதிய தொகை! ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் தீர்ந்தது. சோற்றுக்கு? துணிக்கு? வேலையை விட்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு? வருமானத்துக்கு ஈடு என்று பெயர் சொல்லி, வழிச் செலவைத் திருப்பிக் கொடுத்தால் அது வருமான உதவியா?

டெல்லி சர்க்கார் இதைவிட மோசம். இந்திரா காந்தி பெயரால் 2009-ல் ஒரு தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2012-ல் அதை முந்நூறு ரூபாய் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு டெல்லியில் ஆட்சி மாறியது, பிரதமர் மாறினார், புது நாடாளுமன்றக் கட்டடம்கூட வந்துவிட்டது. முந்நூறு மட்டும் மாறவில்லை. நாளைக்குப் பத்து ரூபாய்! அதையும் 40 விழுக்காட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். 80 விழுக்காடு ஊனம் வேண்டும். மனநோயாளி ஒருவர் 80 விழுக்காடு என்று சான்றிதழ் வாங்க வேண்டுமானால் அவர் நிலைமை எந்த அளவுக்கு முற்றியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நோய் முற்றட்டும், அப்புறம் பத்து ரூபாய் தருகிறேன் என்பதுதானே இதன் பொருள்?

2016 சட்டத்தின் 24-வது பிரிவு, மற்றவர்களுக்கான உதவித்திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்கவேண்டும் என்கிறது. 1,200-க்கு 25 விழுக்காடு கூட்டினால் 1,500. சட்டம் சொன்ன கடைசிக் கோட்டில் துல்லியமாகக் கால் வைத்து நின்றிருக்கிறார்கள்! ஒரு பைசா கூடவில்லை. அதே பிரிவு, தீவிர உதவி தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கான தொகையையும் பேசுகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சிறு வாசகம் வைத்திருக்கிறார்கள்: சர்க்கார் தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு இதைச் செய்யவேண்டும் என்று. பெரிய முதலாளிகளுக்கு வரிச்சலுகை கொடுக்கும்போது இந்த வாசகம் எந்தச் சட்டத்திலாவது உண்டா?

சக்தி இல்லை என்று சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. பக்கத்து ஆந்திராவைப் பாருங்கள். 2024 ஜூலையில் அங்கே மாற்றுத்திறனாளிகளின் மாத உதவித்தொகை மூவாயிரத்திலிருந்து ஆறாயிரமாகவும், முற்றிலும் படுத்த படுக்கையானவர்களுக்குப் பதினையாயிரமாகவும் உயர்த்தப்பட்டது. ஆந்திரா தமிழ்நாட்டைவிடப் பணக்கார ராஜ்யமா? இல்லை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கொடுக்காததன் விலை

கொடுத்தால் செலவு என்று கணக்குப் போடுகிறவர்கள், கொடுக்காமல் விட்டால் என்ன விலை கொடுக்க நேர்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளட்டும்.

2001 ஆகஸ்டு 6. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி. மனநோயாளிகள் காப்பகம் என்று பெயர் வைத்த ஒரு கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் வெந்து மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வழியில்லாதவர்கள். அவர்களிலே பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஏழைகள்.

இருபத்தொரு வருஷம் கழிந்தது. 2023 பிப்ரவரி. நமக்கு அடுத்த விழுப்புரம் ஜில்லா, குண்டலப்புலியூர். உரிமம் இல்லாமல் நடந்த ஒரு இல்லத்திலிருந்து மனநோயாளிகளும் ஆதரவற்றோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். கொடுமைகள் நடந்ததாகப் புகார், ஆட்களைக் காணோம் என்று புகார், சி.பி.சி.ஐ.டி. விசாரணை. ஏர்வாடிக்குப் பிறகு சட்டம் வந்தது, விதி வந்தது, வாரியம் வந்தது. வீட்டுக்கு வருமானம் மட்டும் வரவில்லை. வராதவரை ஒரு கொட்டகையை மூடினால் இன்னொரு கொட்டகை திறக்கும். ஏனென்றால் அந்தக் கொட்டகைகளை நிரப்புவது பக்தியும் அறியாமையும் மட்டுமல்ல, காலிப் பானையும்தான்.

நம் ஜில்லாவிலேயே 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று சர்க்கார் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் ஐயாயிரம் என்றது. கொடுத்தது சரி, அந்தக் குழந்தைகளுக்கு அது வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாவு ஒரே நாளில், ஒரே தெருவில் வந்தால் மந்திரிகள் வருகிறார்கள்; கஜானா திறக்கிறது. அதே சாவு சிறுகச் சிறுக, வருஷக்கணக்காக, ஒவ்வொரு வீட்டு மூலையிலும் நடந்தால் யாரும் வருவதில்லை. மூலையில் கிடப்பவருக்குச் சாலை மறியல் செய்யத் தெரியாது, அதுதான் காரணம்.

அவர்கள் சொல்லும் சமாதானம்

"பணத்தைக் கொடுத்தால் நோயாளிக்கு என்ன தெரியும்? யாராவது பிடுங்கிக்கொள்வார்கள்" என்பார்கள். 2019 நாடாளுமன்றத் தேர்தலில், சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களில், தேறியவர்கள் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். நாட்டை ஆள்வது யார் என்று தீர்மானிக்கத் தெரிந்தவருக்கு, ஒரு படி அரிசி வாங்கத் தெரியாதா? சிலருக்குத் துணை வேண்டும். அந்தத் துணைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதைச் சாக்காக வைத்து எல்லோர் சோற்றையும் மறிக்காதீர்கள்.

"மருந்துதான் இலவசமாகத் தருகிறோமே" என்பார்கள். வெறும் வயிற்றில் போட்டால் அந்த மாத்திரை தலையைச் சுற்றும், கையை நடுக்கும். மாத்திரை போட்டவன் அடுத்த நாள் வெயிலில் மண்வெட்டி பிடிக்க முடியாது. சோறில்லாத மருந்து பாதி மருந்து.

"உதவித்தொகை கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள்" என்பார்கள். நோயிலிருந்து தேறியவர் எல்லோரையும்விட ஆசைப்படுவது ஒன்றே ஒன்றுக்கு: மறுபடி வேலைக்குப் போகவேண்டும், மறுபடி மனிதனாக மதிக்கப்படவேண்டும். வேலை தர மறுப்பது முதலாளி. வெட்கமில்லாமல் சோம்பேறிப் பட்டம் கட்டுவதும் அவரே!

உலகம் என்ன செய்கிறது?

பிரேசில் நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் செய்தார்கள். "வீட்டுக்குத் திரும்புதல்" என்பது அந்தத் திட்டத்தின் பெயர். மனநோய் ஆஸ்பத்திரிகளில் வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் வெளியே வந்து வாழ, மாதாமாதம் அவர்கள் கையிலேயே தொகை. அடைத்து வைப்பதற்குச் செலவழிப்பதைவிட வாழவைப்பதற்குச் செலவழிப்போம் என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டைப்போல வறுமையும் ஏற்றத்தாழ்வும் நிறைந்த நாடுதான் அது.

பணக்கார பிரிட்டனையும் பாருங்கள். உடல் நோயால் வெளியே போக முடியாதவருக்கு ஒரு மதிப்பெண், மன வேதனையால் போக முடியாதவருக்குக் குறைந்த மதிப்பெண் என்று 2017-ல் அந்த சர்க்கார் ஒரு விதி செய்தது. அதே வருஷம் டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அது அப்பட்டமான பாரபட்சம் என்று தூக்கி எறிந்தது. பதினாறு லட்சம் பேரின் மனுக்களை மறுபடி பார்க்க நேர்ந்தது. 2025-ல் மறுபடியும் வெட்டப் பார்த்தார்கள். ஆளும் கட்சி எம்.பி.க்களே எதிர்த்து எழவே, முக்கியமான வெட்டைக் கைவிட்டார்கள். ஆனால் 2026 ஏப்ரல் முதல் புதிதாக வரும் நோயாளிகளுக்கான வேறொரு தொகையைக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார்கள். இதில் நமக்கு இரண்டு பாடம். சிக்கனம் என்று கிளம்பும் சர்க்காரின் கத்தி, கண்ணுக்குத் தெரியாத நோயின் மேல்தான் முதலில் விழும். எதிர்த்து நின்றால் அந்தக் கத்தியைத் தடுக்கவும் முடியும்.

நாம் கேட்பது

பிச்சை கேட்கவில்லை, சட்டம் எழுதி வைத்ததைக் கேட்கிறோம்.

ஒன்று: மருத்துவரும் தாசில்தாரும் ஒரே நாளில், ஒரே மேஜையில், எலவனாசூர்கோட்டை போன்ற ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் வரவேண்டும். சான்றிதழும் உத்தரவும் அங்கேயே கொடுக்கவேண்டும். வெளியே வர முடியாதவரை வீட்டுக்கே சென்று பார்க்கவேண்டும். கல்வராயன் மலைக்குத் தனி முகாம் வேண்டும்.

இரண்டு: காலவரைச் சான்றிதழ் முடிந்தாலும் மறு பரிசோதனை ஆகும்வரை தொகை நிற்கக்கூடாது. பழைய சீட்டு இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்தை ஏற்கவேண்டும்.

மூன்று: தொகையை, வழிச் செலவு போக ஒரு ஆள் சாப்பிட்டு வாழும் அளவுக்கு உயர்த்தவேண்டும். விலைவாசி ஏறும்போது தானே ஏறவேண்டும். டெல்லி சர்க்கார் முந்நூறையும் 80 விழுக்காட்டையும் தூக்கி எறிந்து, 40 விழுக்காட்டுக்கு நியாயமான பங்கைத் தரவேண்டும்.

நான்கு: வேலையை விட்டுப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் மனைவிக்கும் பராமரிப்புத் தொகை வேண்டும். அவர்கள் செய்வதும் உழைப்புத்தான்!

ஐந்து: மாத மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஒரு மாதமும் தவறாமல் கிடைக்கவேண்டும். தேறியவருக்கு அவர் சக்திக்கேற்ற வேலையும் வேண்டும்.

நம் பங்கு என்ன?

சர்க்காரைக் கேட்டுவிட்டோம். இனி நம்மையும் கேட்டுக்கொள்வோம். கூலி உயர்வுக்குக் கொடி பிடித்தோம். பட்டாவுக்கு மறியல் செய்தோம். ரேஷன் அரிசிக்கு மனுக் கொடுத்தோம். மூலையில் கிடக்கும் இந்தத் தோழனை நம் பட்டியலில் எப்போதாவது சேர்த்தோமா? நம் கூட்டங்களிலேயே எதிரியைத் திட்ட "பைத்தியக்காரன்" என்று பேசுகிறோமே, அந்தச் சொல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் நெஞ்சில் எப்படி விழும் என்று எண்ணினோமா? அந்தச் சொல்லை இன்றோடு விடுவோம்.

ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் இப்படி எத்தனை வீடு என்று அறியட்டும். தண்டோரா வேண்டாம், பெயர்ப் பட்டியல் ஒட்டவேண்டாம், அந்த வீட்டின் மானம் நம் மானம். வாசலில் உட்கார்ந்து பேசுங்கள். இருக்கிற மருந்துச் சீட்டையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அதுதான் நாளைக்குச் சாட்சி. மேற்கே போகும் பஸ்ஸிலும் கிழக்கே போகும் பஸ்ஸிலும் ஒரு தோழர் கூடவே ஏறட்டும். மருத்துவரிடம் நல்ல நாளை மட்டும் சொல்லாமல் கெட்ட நாளையும் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். அவசரத்துக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், சொல்லிக் கொடுங்கள். மனு நகரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ஒற்றை மனுவாகப் போகவேண்டாம், ஊராகப் போவோம்.

மூலையில் இருப்பவருக்குக் கோஷம் போடத் தெரியாது. அவருக்காகக் கோஷம் போட நமக்குத் தெரியும். அவரால் பஸ் ஏற முடியாது. சர்க்காரை பஸ் ஏற்றி அவர் வாசலுக்குக் கொண்டுவர நம்மால் முடியும். கொண்டுவருவோம்!